கடலுக்காக விதைத்த நெல்

பொறாமையே இல்லாத மனுஷி யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், காலில் விழுந்து கும்பிட்டுக்கொள்கிறேன். எனக்கு உண்டு. கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் வருஷம் முழுக்க இருக்காது. மார்கழியில் கிளம்பும், தை பிறந்து பத்து நாளில் தானாக அடங்கும். நெல்லுக்கு ஒரு பட்டம் இருப்பதுபோல என் வயிற்றெரிச்சலுக்கும் ஒரு பட்டம் உண்டு.

காரணம் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. அவளும் கொழுந்தனாரும் சென்னையில் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வருஷா வருஷம் ஜனவரி முதல் வாரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு கடற்கரை ரிசார்ட்டில் மூன்று நாள் போய்த் தங்குவார்கள். ஒரு வருஷம் கோவா, ஒரு வருஷம் கேரளா, ஒரு வருஷம் மகாபலிபுரம் தாண்டி எங்கேயோ. போனோமா வந்தோமா என்று இருந்தால் தொலையட்டும். அங்கே இருந்தபடியே குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டோ போடுவாள். சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு தன் இரண்டு கால்களை மட்டும் எடுப்பாள். நகத்தில் ரோஸ் கலர் பாலீஷ். காலுக்கு அந்தப் பக்கம் கடல்.

அதை நான் எங்கே இருந்து பார்ப்பேன்? வரப்பில் இருந்து. அந்த நேரம் என் கால் எங்கே இருக்கும்? சேற்றில். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று சும்மாவா சொன்னார்கள்? ‘சூப்பர்மா’ என்று அடித்து மூன்று இதயம் அனுப்புவேன். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பேன். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தால் என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்க மாட்டார், போட்டோ வந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எட்டு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டரைக்குக் கொஞ்சம் மேல். அண்ணன் தம்பி இரண்டு பேரும் இன்னும் பாகம் பிரித்துக்கொள்ளவில்லை. ஆக, பாதி நெல் கொழுந்தனாருடையது, பாடு முழுக்க எங்களுடையது. பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு, காரின் பின்னால் அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு போவார்கள். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அரிசி விஷயத்தில் நான் ஒரு நாளும் முகம் சுளித்தவள் கிடையாது. கடல் விஷயத்தில்தான் என் புத்தி இப்படிப் போகிறது.

ஒரு தடவை அவள் எனக்கு ஒரு லிங்க் அனுப்பினாள். கடற்கரை ரிசார்ட்டுக்குப் போக எந்த மாதம் நல்ல மாதம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் உத்தமமாம். வெயில் இதமாக இருக்குமாம், காற்று சுகமாக இருக்குமாம். மார்ச்சுக்கு மேல் அனலாம். அக்டோபர், நவம்பர் புயல் மழையாம். இவர் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தேன்.

“என்னங்க, டிசம்பர்ல ஒரு மூணு நாள் எங்கயாவது கடல் பக்கம் போயிட்டு வரலாமா?”

“டிசம்பரா? கதிர் வெளிய வர்ற நேரம். தண்ணி கட்டறது யாரு?”

“சரி, ஜனவரி?”

“பால் கட்டி முத்துற நேரம். எலி சும்மா விடுமா?”

“பிப்ரவரி?”

“அறுப்பு. நீ என்ன, இந்த ஊருக்கு நேத்துதான் வாக்கப்பட்டு வந்தவ மாதிரி கேக்குற?”

“அப்ப எப்பதான் போறதாம்?”

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். “சித்திரைல போவோம். வாய்க்கால்ல தண்ணி இருக்காது, நமக்கும் வேலை இருக்காது,” என்றார்.

வாய்க்கால் காய்ந்தால்தான் எங்களுக்கு லீவு. தண்ணீர் இருக்கிற வரைக்கும் ஆள் வயலைவிட்டு நகர முடியாது. அந்த லிங்க்கில் எந்த மாதத்தில் கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று எழுதியிருந்தார்களோ, அந்த மாதம்தான் எங்களுக்கு வாய்த்த மாதம்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றாத மனுஷர் இல்லை அவர். அந்தச் சித்திரையிலேயே, அக்னி நட்சத்திரம் நடக்கும்போது, என்னை வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் பட்டுக்கோட்டை வழியாகக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரிசார்ட்டெல்லாம் இல்லை, வெறும் கடல். போய்ச் சேரும்போது பகல் பதினோரு மணி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஏதோ தானே வெட்டிய குளம்போலக் கையை நீட்டி, “இந்தா, நல்லா பாத்துக்க,” என்றார். பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. அதற்கு அப்பால் தகடு மாதிரி அசையாத தண்ணீர்.

“அலை எங்கங்க?”

“இந்தப் பக்கம் கடல் அப்படித்தான். அலை கிடையாது. அதனால ஆபத்தும் கிடையாது.”

ஆபத்து கிடையாதாம்! வயலில் மிதிக்காத சேற்றையா இங்கே வந்து மிதிக்க வேண்டும்? இரண்டு அடி வைத்தேன், செருப்பு மாட்டிக்கொண்டு அறுந்தது. பட்டுக்கோட்டையில் ஒரு பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, வெறுங்காலோடு வண்டியில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன். விடுவேனா நான்? சேற்றுக் காலைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அதைக் குழுவில் போட்டேன். ‘சூப்பர் அக்கா’ என்று பதில் வந்தது, கூடவே மூன்று இதயம். மூன்று இதயத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது?

போன வருஷம் ஆடி மாதம் அவளே போன் பண்ணினாள்.

“அக்கா, ஜனவரில புதுச்சேரி பக்கம் ஒரு ரிசார்ட் பாத்திருக்கோம். இப்பவே புக் பண்ணாதான் கடலப் பாத்த ரூம் கிடைக்கும். உங்களையும் மாமாவையும் கூப்பிடணும்னு ரொம்ப ஆசை. ஆனா நீங்க எங்க வரப்போறீங்க, பாவம், வயலு இருக்கும்.”

அந்தப் ‘பாவம்’ இருக்கிறதே, அது என் காதில் போய் உட்கார்ந்துகொண்டது. நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பாள். நல்ல பெண்தான், நான் ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

“யாரு சொன்னா வரலைன்னு? இந்த வருஷம் நாங்களும் வர்றோம். எங்களுக்கும் சேத்து ஒரு ரூம் போட்டுரு,” என்றேன்.

“நிஜமாவாக்கா!” என்று அவள் கத்திய கத்தலில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. போனை வைத்த பிறகுதான் வியர்த்தது. வாய் கொடுத்தாயிற்று, இனி வயலை என்ன செய்வது? அன்றைக்கு முழுக்க அதே யோசனை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. மறுநாள் காலையில், விதைநெல் வாங்கப் போக வேண்டும் என்று இவர் சட்டையை மாட்டும்போது எனக்கு வழி தோன்றியது.

சம்பாவுக்கு எங்கள் பக்கம் நூற்றைம்பது நாளுக்குக் குறையாத நெல் போடுவார்கள். ஆவணியில் விதைத்தால் தை கடைசியில் அறுப்பு. ஆனால் குறுவைக்குப் போடுகிற நெல் நூற்றுப் பத்து நாளில் வந்துவிடும். அதை ஆவணியில் போட்டால்? சுவர் காலண்டரைக் கீழே இறக்கிவைத்து எண்ணினேன், விரலை மடக்கி இன்னொரு தரம் எண்ணினேன். மார்கழி பத்துக்குள் அறுத்துவிடலாம். ரிசார்ட் மார்கழி இருபதுக்கு மேல்தான். நடுவில் பத்து நாள் இருக்கிறது, தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஆற அமரக் கிளம்பலாம்.

இவரிடம் சொன்னேன். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே நின்றுவிட்டார்.

“நம்ம மடைத் தண்ணி பாயிற வயலு முழுக்க எல்லாரும் நீண்ட நாள் நெல்லு போடுவாங்க. நாம மட்டும் தனியா ஒண்ணு போடறதாவது. அது சரிப்படாது.”

“ஏன் சரிப்படாது? அவங்கவங்க வயலு, அவங்கவங்க இஷ்டம்.”

“விவசாயத்துல அப்படிக் கிடையாது. ஊரோட ஒத்துப் போகணும்.”

“நீங்க ஊரோடயே குடும்பம் நடத்துங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. கோபத்தில் சமைக்காமல் இருக்கிற ஆள் இல்லை நான். சமைத்தேன். மூன்று வேளையும் மோர்க்குழம்பு. அவருக்கு மோர்க்குழம்பு ஆகாது. விடுதியில் தங்கிப் படிக்கிற எங்கள் பெண் போன் பண்ணி, “அப்பா ரசம் சோத்துக்கு ஏங்கிப் போயிருக்காங்கம்மா, பாவம்,” என்று சிரித்தாள். நான்காம் நாள் காலையில் அவர் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “சரி விடு. உன் கடலுக்கே விதைப்போம்,” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் வைத்தேன்.

பயிர் நன்றாகத்தான் வந்தது. ஐப்பசி மழையில் மற்றவர் வயல் இன்னும் தூர் கட்டிக்கொண்டிருந்தபோது எங்களுடையது கதிர் விட்டுவிட்டது. மார்கழி பிறந்தபோது பார்க்க வேண்டுமே! சுற்றிலும் பச்சை, நடுவில் எங்கள் எட்டு மா மட்டும் மஞ்சள். தினமும் காலையில் போய் நின்று பார்ப்பேன். தஞ்சாவூருக்குப் போய் இரண்டு சுடிதார் வாங்கினேன், கல்யாணத்துக்குப் பிறகு நான் போட்டதே இல்லை. அகலமாக ஓரம் வைத்த தொப்பி ஒன்றும் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால், பின்னால் நின்று இவர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போங்கள், இந்த வருஷம் என் காலுக்கு அந்தப் பக்கமும் கடல் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது குருவி. அந்த வட்டாரத்தில் பழுத்த நெல் எங்களுடையது ஒன்றுதான் என்று அதற்கு யார் சொன்னார்களோ, கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியது. பிறகு கிளி. பிறகு எலி. எல்லோர் வயலும் ஒன்றாகப் பழுத்தால் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும், யாருக்கும் உறைக்காது. மொத்த ஊர்ப் பந்தியும் எங்கள் ஒரு வயலில் நடந்தது. இவர் காலையிலிருந்து இருட்டும்வரை தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். பக்கத்து வயல்காரர் என்னிடம் கேட்டே விட்டார்.

“உங்க வயலுக்கு மட்டும் என்னம்மா அப்படி அவசரம்?”

“நாங்க கடலுக்குப் போறோங்க,” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்கப்புறம்தான் பெரிய இடி. அறுவடை மெஷின்காரர் வந்தார். ரோட்டில் நின்று பார்த்தார், எங்கள் வயலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

“மெஷின எந்தப் பக்கமா எறக்கறதுங்க? பறந்தா போகும்?”

எங்கள் நிலம் ரோட்டிலிருந்து நான்கு வயல் உள்ளே. நான்கும் மற்றவர்களுடையது, நான்கும் பச்சை. ரோட்டோர வயலை அறுத்தால்தான் அடுத்த வயலுக்கு மெஷின் போகும், அதை அறுத்தால் அதற்கடுத்தது. எங்கள் பக்கம் அறுப்பு அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகும். ஒரு மடைக்காரர்கள் எல்லோரும் ஒரே வயது நெல்லைப் போடுவது அதற்காகத்தான். இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் சோறு பொங்குகிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். நூறு தடவை பார்த்திருக்கிறேன். கடல் கண்ணை மறைத்துவிட்டது.

வெட்கத்தை விட்டுப் பக்கத்து வயல்காரரிடம் போய், ஓரமாக மெஷின் போக வழி விட முடியுமா என்று கேட்டேன். “ஏம்மா, நீங்க கடலுக்குப் போறதுக்கு நான் என் பால்கதிரை மிதிக்க விடணுமா?” என்றார். நியாயம்தானே. திரும்பி வந்தேன்.

இவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ‘உன்னாலதான்’ என்று ஒரு தடவை கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். கையறுப்புக்கு ஆள் தேடி ஊர் ஊராக அலைந்தார். இப்போதெல்லாம் அரிவாளைத் தொட யார் வருகிறார்கள்? மார்கழி பத்து போயிற்று, பதினைந்து போயிற்று, நெல் முற்றித் தலை சாய்ந்து உதிர ஆரம்பித்தது. கடைசியில் எங்கள் தெருக்கோடியில் இருக்கிற அம்மாள் ஒருத்தி, அறுபது வயது இருக்கும், இன்னும் ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு வருவதாக ஒத்துக்கொண்டாள். என்றைக்கு வருகிறாள் தெரியுமா? நான் ரிசார்ட்டுக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முதல் நாள்.

முதல் நாள் அறுப்பு முடிந்து வந்த இவர் கை கால் கழுவிக்கொண்டே சொன்னார், “நீ போயிட்டு வா. தம்பி ரூம் போட்டுட்டான். இங்க நான் ஒருத்தன் போதும்.”

‘நீங்க இல்லாம நான் மட்டும் எப்படிங்க’ என்று ஒரு பேச்சுக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் ‘சரி அப்ப இரு’ என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். பையைக் கட்டினேன். விடிந்ததும் தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம் என்று பஸ் மாறி மாறிப் போனேன். கடலூரில் அவர்கள் காரோடு நின்றார்கள்.

“மாமா வரலையாக்கா?” என்றாள் ஓரகத்தி.

“அறுப்புடி. அவரு பாத்துக்குவாரு,” என்றேன்.

ரிசார்ட் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? போட்டோவில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது வருஷமாக ஒவ்வொரு ஜனவரியிலும் இவள் இதையா அனுபவித்துக்கொண்டிருந்தாள்? கட்டிலில் ஒரு சுருக்கம் இல்லாத வெள்ளை விரிப்பு. அதன்மேல் துண்டைக் கொக்கு மாதிரி மடித்து உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல், அலை அலையாக வந்துகொண்டே இருந்தது. இரண்டு பேர் படுக்கிற கட்டிலில் ராத்திரி ஒரு ஓரமாகப் படுத்துத் தூங்கினேன், கொக்கைக்கூடக் கலைக்கவில்லை.

மறுநாள் காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது வகை வைத்திருந்தார்கள். நான் இட்லியைத் தேடி எடுத்துக்கொண்டேன். அவள் ஆளை நிறுத்தி, முட்டையை இப்படிப் பண்ணுங்கள், காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்று சர்வ சாதாரணமாகச் சொன்னாள். யாரோ ஒருத்தர் நமக்குச் சமைத்துத் தர, அதில் இது வேண்டும் அது வேண்டாம் என்று சொல்ல எங்கே கற்றுக்கொள்வார்கள்? சாப்பிட்டுவிட்டுக் கடல் பக்கம் நடந்தோம். மணலில் அவள் செருப்பைக் கழற்றியதும் கொழுந்தனார் குனிந்து அந்தச் செருப்பை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அலைக்குள் இறங்கினார். பிள்ளைகள் முன்னால் ஓடின. நான் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றேன். என் வீட்டுக்காரர் வந்திருந்தாலும் என் செருப்பைத் தூக்கியிருக்க மாட்டார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

“அக்கா, எறங்குங்க, சும்மா நிக்கறீங்களே!”

“அப்புறமா எறங்குறேன்,” என்றேன்.

பத்து மணி இருக்கும், கிழக்கே கறுத்தது. கடலுக்கு மேலே கன்னங்கரேலென்று எழும்பி எங்கள் தலைக்கு மேலே நகர்ந்து மேற்கே போனது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். “கிளைமேட் செமையா இருக்குல்லக்கா?” என்று சொல்லி என் ஓரகத்தி அந்த மேகத்தைப் போட்டோ எடுத்தாள். என் நினைப்பு ஊருக்கு ஓடியது. இரண்டு நாள் அறுத்த நெல் வயலில் அரி அரியாகக் கிடக்கும். அடித்த நெல் களத்தில் குவிந்திருக்கும்.

சிறிது நேரத்தில் சடசடவென்று பிடித்துக்கொண்டது. நாங்கள் ரிசார்ட்டுக்குள் ஓடினோம். ஓடினால், மழைக்கு ஒதுங்குவார்கள் என்று பார்த்தால், எல்லோரும் நீச்சல் குளத்தில் குதிக்கிறார்கள்! கொழுந்தனாரும் பிள்ளைகளும் குதித்தார்கள். நான் தாழ்வாரத்தின் விளிம்பில் நின்று கத்தினேன்.

“தம்பி, ஊர்ல மழை இருக்குமா?”

“இருக்கும் அண்ணி. டெல்டா முழுக்கத்தான். மூணு நாள் முன்னாடியே சொல்லிட்டாங்களே!”

மூன்று நாள் முன்னால் என்றால், நான் பை கட்டுவதற்கு முன்பே. சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. ஆனால் இவர்? காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் வானிலை பார்க்கிற மனுஷர். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் என்னைப் போ என்றார்.

“நெல்லு அறுத்துக் கிடக்குதே தம்பி!”

“அண்ணன் பாத்துக்குவாரு. நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க? வாங்க, மழைல பூல்ல நின்னா சூப்பரா இருக்கும்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அந்தக் குளத்திலேயே அமுக்கியிருப்பேன். பாதி நெல் அவருடையது இல்லையா? தன் நெல்லின்மேல் மழை பெய்கிறது என்று தெரிந்தும் ஒருத்தருக்கு எப்படி நீந்த வரும்? கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் கடலூரில் காரில் ஏறும்போது நானும் ‘அவரு பாத்துக்குவாரு’ என்றுதானே சொன்னேன். எட்டு மாவையும் ஒரே மனுஷர் தலையில் கட்டிவிட்டு வந்தவள்தானே நானும்.

ஓரமாக ஒதுங்கி நின்று என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கப்போகிற நேரத்தில் எடுத்தார்.

“என்னங்க, அங்க மழையா?”

“மழையா? இங்க வெயிலு பொளந்து கட்டுது. ஏன், அங்க பேயுதா?”

அவர் குரலுக்குப் பின்னால் தடதடவென்று ஒரே சத்தம். தார்ப்பாயில் மழை விழுந்தால் எப்படிக் கேட்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏய்யா, பொய்யா சொல்கிறாய் என்று கத்தலாம் என்றுதான் இருந்தது.

“இல்லைங்க, இங்கயும் வெயில்தான்,” என்றேன்.

“அப்புறம் என்ன. கடல்ல எறங்குனியா?”

“எறங்குனேன்.”

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குங்க.”

“ம். இருந்து நல்லா அனுபவிச்சுட்டு வா. அவசரப்பட்டு ஓடியாராத.”

அப்போது ஒரு பெண்குரல் கத்தியது. “போனுல அப்புறமா பேசுங்க! பாயி பறக்குது பாருங்க! அந்த மூலையப் பிடிங்க, இந்த மூலைய நான் பிடிச்சிருக்கேன்!” தெருக்கோடி அம்மாள். எனக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று இவர் ‘வைக்கிறேன்’ என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

குளத்துக்குள்ளிருந்து ஓரகத்தி கையை ஆட்டினாள். கொழுந்தனார் அவள் முகத்தில் தண்ணீரை வாரி அடித்தார், அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வருஷமாக இவளைப் பார்த்ததும் வரும் வயிற்றெரிச்சல், அன்றைக்கு வரவேயில்லை. என் மனசு முழுக்க அந்த அறுபது வயது அம்மாள்மேல் இருந்தது. மூட்டு வலிக்காரி, வெற்றிலை போட்டுப் போட்டுப் பல் கறுத்தவள். அவள் மேல் எனக்கு வந்த பொறாமையை எப்படிச் சொல்வேன்? கொட்டுகிற மழையில் என் வீட்டுக்காரருக்கு எதிரே, தார்ப்பாயின் மறு மூலையைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள். அது நான் நிற்க வேண்டிய மூலை.